பிள்ளை மடுவத்தில் எட்டுக் கதிரைகள்

முப்பது வருசமாக நான் செய்து வந்தது ஒரே வேலைதான், ஆட்களைத் தூங்க வைப்பது. யட்டவத்த டவுனுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருபத்திரண்டு வருசம் ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பிறகு தோட்டத்துக்குப் புது மடுவம் கட்டினார்கள், சுவரில் முயலும் மயிலும் வரைந்து. பழைய கட்டடம் கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து, அப்புறம் முதியோர் பகல் நிலையமாக மாறியது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். சாவி இருக்கும் இடம் எனக்குத்தான் தெரியும், அதனால் என்னையே போட்டார்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்களும் என்னை ‘ஆயம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது ஐம்பதுதான். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மடுவம் என்பது ஒரே நீளக் கூடம். மேலே உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள், ஒரு காலத்தில் தொட்டில் சேலை கட்டியவை. அவற்றைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. கொக்கிகளுக்குக் கீழே, தொட்டில்கள் தொங்கிய அதே வரிசையில், கைவைத்த, சாய்ந்து உட்காரும் எட்டுக் கதிரைகள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மலையிலிருந்து மூட்டம் இறங்கும். மிளகுக்கொடி ஏறிய மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும். அந்த நேரத்தில் உள்ளே எட்டுப் பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மூச்சை இழுக்க, பக்கத்தில் இருப்பவர் விட, அந்தச் சத்தத்தில் எனக்குச் சில நாள் காலம் குழம்பிவிடும். எந்தத் தொட்டிலை ஆட்ட வேண்டும் என்று கை தானாக எழும்பும். நரைத்த தலையைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வேன்.

தூக்கத்தில் அவர்கள் பேசுவதும் உண்டு. ஜன்னலிலிருந்து இரண்டாவது கதிரையில் ஒரு பழைய கங்காணி இருந்தார். எண்பத்திரண்டு வயது, நான் மாமா என்பேன். மலையில் ஆட்களை வேலை வாங்கி, யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்தவர். அவர் தூங்கும்போதும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடுவார். செத்துப்போனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் என்று பழைய பெயர்களாக வரும். ஜன்னலோரக் கதிரையில் இருக்கும் பெரியம்மா, தன் பேர் வந்ததும், அவரும் தூக்கத்தில், “இருக்கேங்கய்யா” என்பார். விழித்தபிறகு கேட்டால் இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. ஒரே கனவுக்குள் இரண்டு பேர் வேலைக்குப் போய் வருகிறார்கள், நமக்கென்ன என்று விட்டுவிடுவேன்.

இந்த நிலையத்தை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் ஒரே வாயில் பதில் சொல்ல வராது. தோட்டத்துக்குள்ளே பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று ஒரு காலம் இருந்தது. அது மாறிய பிறகு, கரண்ட் பில்லும் என் கையில் வரும் சிறு தொகையும் சபை தந்தது. கதிரைகளும், பிரஷர் பார்க்கும் பெட்டியும் சமூக சேவைப் பிரிவு கொடுத்தது. தேயிலையும் சீனியும் மாத்தளையில் மிளகு வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளி, நாங்கள் நானா என்போம், மாதாமாதம் அனுப்பினார். வெள்ளிக்கிழமைச் சோறு கோயில் கமிட்டி பொறுப்பு. மற்ற நாள் அவரவர் வீட்டுப் பொட்டலம். முதியோர் கொடுப்பனவு வரும் நாளில் அவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் டின்னில் போடுவார்கள். இப்படி நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தியிருந்தோம். ஆனால் பெரிய கயிறு அரசாங்கத்தின் கையில். அதை வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க, நிலையத்தில் ‘செயற்பாடுகள்’ நடப்பதாகக் காட்ட வேண்டும்.

செயற்பாடு என்றால் தேகப்பயிற்சி, கைவேலை, பாட்டு. எங்கள் ஆட்கள் செய்தது ஒன்றே ஒன்று, தூக்கம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வெளியாருக்குச் சிரிப்பாக இருக்கும். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும். ஜன்னலோரப் பெரியம்மாவையே சொல்கிறேன். எழுபத்தாறு வயது, நாற்பது வருசம் கொழுந்தெடுத்தவர். அவர் வீடு அறையென்று ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, ஆட்கள் ஏழு பேர். அவர் படுக்கை இஸ்தோப்பில், ஒரு பக்கம் விறகு, மறு பக்கம் மழைச் சாரல். பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள், லைட் அணையாது. மருமகள் நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறாள், போக வர இவர் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். பெரியம்மா ஒரு குறையும் சொல்லமாட்டார். “அவங்களும் பாவம்தான” என்பார். ஆனால் ஒரு முழு நாளில் அந்த உடம்பு நிம்மதியாகக் கண்மூடியது எங்கள் ஜன்னலோரக் கதிரையில்தான். காலையில் வந்து, செருப்பை ஒழுங்காக வைத்து, தேத்தண்ணி குடித்து, கதிரையின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்வார்.

போன வருசம் ஒரு நாள் போன் வந்தது. புதன்கிழமை சமூக சேவைப் பிரிவு மிஸ் வருகிறார், செயற்பாடுகளைப் பார்க்க. கூடத்தில் அதைச் சொன்னேன். கங்காணி மாமா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தோட்டத்துத் தொர வர்றாருன்னா மலை எப்படி இருக்கணும் ஆயம்மா? பாத்த ஒடனே மனுசன் வாய் தொறக்கக் கூடாது.”

யோசனை என்னுடையதுதான், பழியை வேறு யார் மேலும் போடமாட்டேன். மாத்தளை நானாவுக்குப் பேசி, காம்பு ஆயாத மிளகு ரெண்டு மூட்டை கேட்டேன்.

“மூட்டைய அனுப்புறேன் தங்கச்சி,” என்றார் அவர். “ஆனா வயசாளிகளப் போட்டு வேல வாங்குறது சரியாத் தெரியல்ல. பாத்துச் செய்ங்க.”

நான் பார்த்துச் செய்யவில்லை. புதன்கிழமை காலை எட்டுப் பேரும் குளித்து, திருநீறு பூசி, சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். மிஸ்ஸின் வாகனச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அந்த விரல்களுக்கு உயிர் வந்துவிட்டது. நாற்பது வருசம் கொழுந்து கிள்ளிய விரல்கள் அல்லவா. காம்பு ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம், பார்க்கப் பார்க்கக் குவிந்தது. கங்காணி மாமா எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு வரிசைக்குப் பின்னால் நடந்தார். பெரியம்மா நிமிரக்கூட இல்லை. கண்ணெல்லாம் சிவந்து, தூக்கம் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மிஸ் நாற்பது வயதுள்ள சிங்களப் பெண்மணி, நல்ல மாதிரி. போனில் படம் எடுத்துக்கொண்டு, அரைகுறைத் தமிழில் “ரொம்ப நல்லம், ரொம்ப நல்லம்” என்று சொல்லிக்கொண்டே போனார். வாகனம் வளைவு தாண்டியதும் எட்டுப் பேரும் சாக்கிலேயே சரிந்து தூங்கினார்கள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்து, மிளகு வாசனையில் தும்மிக்கொண்டு, இரண்டாவது தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. எங்கள் ஆட்கள் நல்ல உழைப்பாளிகளாம். இவர்களுக்குப் பராமரிப்பு நிதி அவசியமில்லையாம், சுயதொழில் குழுவாக மாற்றலாமாம். அதனால் பகல் நிலையத்துக்கான உதவி வருச முடிவோடு நிற்கும். எட்டுக் கதிரைகளும் வில்கமுவப் பக்கம் புதிதாகத் திறக்கும் ஒரு நிலையத்துக்குப் போகும்.

நான் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வில்கமுவக் கிழவர்களும் வயலில் முதுகு ஒடிந்தவர்கள்தான், அவர்களுக்கும் கதிரை வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு எங்கள் கதிரைதானா கிடைத்தது? கோபம் யார் மேல் என்று தெரியாமல் அடுப்பு மேல் காட்டினேன். பிறகு விளங்கியது. உலகத்தில் வேறு எந்தக் கிழவன் கிழவியாக இருந்தாலும், பார்க்க ஆள் வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டியிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு, கையில் பேர்ப் புத்தகத்தோடு ஒருவர் வந்து நின்றால் வேலை செய்து காட்டத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நான் மிளகைக் கொட்டினேன்.

அடுத்த நாள் பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன். மிஸ் என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சிங்களத்தில் சொன்னேன். அன்றைக்கு நடந்தது நாடகம். அவர்கள் அங்கே வருவது தூங்குவதற்கு. வீட்டில் படுக்க இடமில்லாதவர்கள். அந்தக் கதிரை போனால் தூக்கமும் போகும்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அத ஏன் அக்கா அன்னைக்கே சொல்லல?”

“வெக்கம், மிஸ்.”

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. நான் சொன்னால் போதாது, ஆளுக்கொரு படிவம் நிரப்பி, அவரவரே கையெழுத்து வைத்துத் தரவேண்டும், இரண்டு கிழமைக்குள் வந்தால் மேலே பேசிப் பார்க்கலாம் என்றார். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, நிலையத்துக்கு வருவதன் நோக்கம். எட்டுத் தாளையும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு விசயத்தைச் சொன்னேன். தூங்க வருகிறோம் என்று எழுதினால்தான் கதிரை மிஞ்சும். ஒருவர் பஜனை என்று எழுதச் சொன்னார். இன்னொருவர் முழங்கால் வலி என்றார். பெரியம்மா எழுந்து நின்றார்.

“நாப்பது வருசம் மலையில நின்னவ நான். பகல்ல படுத்துத் தூங்குறவன்னு கவர்மெண்டு தாள்ல எழுதுவியா? அப்படி எழுதுறதுன்னா என் பேர வெட்டிரு ஆயம்மா. நான் வரல.”

சொன்னபடி அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மற்ற ஏழு பேரும் தூங்கினார்கள். ஜன்னலோரக் கதிரை மட்டும் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு காலியாக இருந்தது. கங்காணி மாமா தூக்கத்தில் பேர் கூப்பிட்டார். பெரியம்மாவின் பேருக்குப் பதில் வராததால் திரும்பத் திரும்ப அதையே கூப்பிட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

சாயந்தரம் கீழ் லயத்துக்குப் போனேன். பெரியம்மா இஸ்தோப்பில் விறகில் சாய்ந்து இருந்தார். தலை சரியும், யாராவது உள்ளே போவார்கள், திடுக்கிட்டு நிமிர்வார். இரண்டு நாளில் முகம் இப்படி ஒடுங்குமா? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார்.

“எனக்குத் தலப்புள்ள பொறந்து மூணு மாசம். ஒங்க மடுவத்துலதான் தொட்டில் கட்டி விட்டுட்டுப் போவேன். நீ ஆயாவா வர்றதுக்கு எவ்வளவோ முந்தி. ராவெல்லாம் புள்ள அழுதுச்சு. மலையில கூடையக் கழட்டி வச்சிட்டுக் கல்லு மேல சாஞ்சவ, அப்படியே கண்ணசந்துட்டேன். அரை நாள் சம்பளத்த வெட்டிட்டாரு. அது போகட்டும். மறுநா காலையில பெரட்டுல, அத்தன பேருக்கு முன்னால, தூங்குமூஞ்சி வந்துட்டாளான்னு கேட்டாரு. ரொம்ப வருசம் எனக்கு அதுதான் பேரு.”

கேட்டவர் யார் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து மலைக்கு அப்போது யார் கங்காணி என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கதிரைக்காரர்தான்.

“அந்த மனுசன் பக்கத்துல எப்படிப் பெரியம்மா இத்தன வருசம் தூங்குனீங்க?”

“தூக்கம் வந்தா பக்கத்துல யாருன்னு பாக்க முடியுமா?” என்றார்.

மறுநாள் காலை கங்காணி மாமா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே நான் வாயைத் திறந்துவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஊருக்கே தெரியும். “மாமா, ஐம்பது வருசத்துக்கு முந்தி நீங்க பேசுன ஒரு பேச்சுல இன்னைக்கு ஒரு கதிரை காலியாக் கெடக்கு” என்றேன். நடந்ததைச் சொன்னேன். அன்று முழுக்க அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, மூட்டம் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் வீட்டுப் பக்கம் போகாமல் கீழ் லயத்துப் படியில் இறங்கினார். விழுந்துவிடுவாரோ என்று நானும் படிவங்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இஸ்தோப்புக்கு முன்னால் தடியை ஊன்றி நின்றார்.

“தங்கச்சி,” என்றார். “அன்னைக்கி அரை நாள் வெட்டுன்னு மேலருந்து என்னைய நெருக்குனாங்க. ஆனா பெரட்டுல அப்படிப் பேசச் சொல்லி யாரும் நெருக்கல. அது என் வாய்தான்.”

பெரியம்மா விறகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆயம்மா, எழுது. மொதல்ல எனக்கு எழுது. கங்காணி தூங்குறதுக்கு வர்றான்னு எழுது. வீட்ல தூக்கமில்ல, அங்க வந்தாத்தான் தூக்கம்னு எழுது.”

நான் இஸ்தோப்புத் திண்டில் தாளை வைத்து எழுதினேன். அவர் மெதுவாக, முழுப் பெயரையும் கையெழுத்தாக வைத்தார். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கங்காணியாரு பகல்ல தூங்குனா அரை நாள் வெட்டுறது யாரு?” என்றார்.

“நீதான் வெட்டணும்.”

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, தாளில் படாமல் திரும்பிக்கொண்டேன். அடுத்த நாள் அவர் வந்தார். கதிரையின் கையைத் தடவினார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, நான் எழுதியதை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மற்ற ஆறு பேரும் பின்னாலேயே வந்து போட்டார்கள். பஜனைக்காரரும் போட்டார்.

படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மழை நாள், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மூட்டம் வழக்கம்போல ஜன்னலுக்கு வந்திருந்தது. கூடம் முழுக்க மூச்சுச் சத்தம், தகரத்தில் மழைச் சத்தம், இரண்டும் கலந்து நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். உத்தரத்துக் கொக்கிகள் அசைவது போலவும், தொட்டில்கள் எல்லாம் நிறைந்திருப்பது போலவும் இருந்தது. கண்ணைத் திறந்தால் வாசலில் குடையோடு மிஸ். போன் இல்லை, அறிவிப்பு இல்லை. தனியாக வந்திருந்தார், கையில் ஒரு புத்தகம்.

நான் பதறி எழுந்தேன். ஆட்களை எழுப்ப வாய் திறந்தேன், பழக்கம் விடுமா? மிஸ் விரலை உதட்டில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஈரக் காலோடு சத்தமில்லாமல் உள்ளே வந்தார். ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் நின்றார், முகத்தைப் பார்த்தார், புத்தகத்தில் ஒரு அடையாளம் போட்டார். கங்காணி மாமா தூக்கத்தில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மிஸ் அதை நின்று கேட்டார். என்ன சொல்கிறார் என்று சைகையால் கேட்க, நான் சிங்களத்தில் காதோடு சொன்னேன். கேட்டுவிட்டு, அவர் பேருக்கும் ஒரு அடையாளம் போட்டார்.

ஜன்னலோரம் வந்தபோது பெரியம்மா கண்ணைத் திறந்துவிட்டார். எதிரே புத்தகத்தோடு ஒரு ஆள். பாவம், உடம்பு முதலில் விழித்துக்கொண்டது. கை தலைத்துணியைத் தேடியது, கால் தரையில் ஊன்றியது, எழும்பப் பார்த்தார். மிஸ் அவர் தோளில் கையை வைத்தார்.

“எழும்ப வேணாம் அம்மா. தூங்குங்க.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். கேட்டது சரிதானா என்று என் முகத்தில் தேடினார். நான் தலையாட்டினேன். மெதுவாகச் சாய்ந்தார், ஆனால் கண்ணை மூடவில்லை. மிஸ் வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, கதிரைகள் இங்கேயே இருக்கட்டும், வில்கமுவைக்கு வேறு பார்ப்போம், அடுத்த வருச நிதிக்கு நானே எழுதுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். சொன்னபடியே கடிதமும் பிறகு வந்தது. அன்றைக்கு நான் கதவருகில் நின்று, குடை மூட்டத்துக்குள் மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினேன்.

“ஆயம்மா,” பெரியம்மா கூப்பிட்டார். “அவங்க பொஸ்தகத்துல என் பேருக்குப் போட்டாங்களா?”

“போட்டாங்க, பெரியம்மா.”

“அரை நாளா?”

“முழு நாள்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வரத் தொடங்கியது. பக்கத்துக் கதிரையிலிருந்து பேர் கூப்பிடும் சத்தம் வந்தது. இந்த முறை அவர் பதில் சொல்லவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.